அல்கொன்குவினில் ஆகஸ்ட் லோங் வீக்கென்ட்: எந்த ஏரிக்குப் போகலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையோடு இரண்டு இரவு கனடா ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில், படகில் போய் உள்காட்டு ஏரி ஒன்றில் கூடாரம் போட விருப்பம். நான், மனுசி, பத்து வயது மகள், தம்பி. ஐந்து மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும், அதனால் ஏரியை இப்பவே முடிவெடுக்க வேணும்.

கனூ லேக்கிலிருந்து ஜோ லேக்குக்கு 295 மீற்றர்தான் தரையில் படகைச் சுமக்க வேணும். மகளுக்கு வசதி, ஆனால் சனமும் அங்கேதான் கூட. பதிவு ஏரிக்கு மட்டும்தான், கூடாரம் போடும் இடத்துக்கு இல்லை. பிந்திப் போனால் நல்ல இடங்கள் பறிபோய்விடும். இதுதான் என் பெரிய கவலை. வெள்ளி இரவு பக்கத்தில் தங்கி, சனி விடியவே துடுப்புப் போடுவது நல்லதா? அல்லது டொம் தொம்சன் லேக், பேர்ன்ட் ஐலண்ட் லேக் வரை போனால் அமைதி கிடைக்குமா? பிள்ளைகளோடு போனவர்கள், எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று கட்டாயம் எழுதுங்கோ.

சாப்பாடு இன்னொரு கேள்வி. தகரப்பேணியும் போத்தலும் உள்ளே தடை, அதனால் மீன் ரின் சரிவராது. அரிசிமா, பருப்பு பரவாயில்லை. நெத்தலிக் கருவாட்டு மணத்துக்குக் கரடி வருமோ என்று மனுசி பயப்படுகிறா. சாப்பாட்டுப் பையை மரத்தில் உயரக் கட்டினால் போதுமா, சாப்பாடு வைக்கிற மூடிய பீப்பாய் வாடகைக்கு எடுக்கவா?