1922ஆம் ஆண்டு மிட்லண்ட் சிக்னல் கேபினைச் சரியாகக் கட்டுவது எப்படி?

கிளைப்பாதை எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வே 1923 ஜனவரி 1 அன்று எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே) நிறுவனத்துக்குள் அடங்குவதற்கு முந்தைய கோடைக்காலத்தில் ஒரு கிராமத்து நிலையம் எப்படி இருந்திருக்குமோ, அதை ஓஓ என்ற மாதிரி ரயில் அளவில், அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அமைத்து வருகிறேன். நிலையம் என் கற்பனை. இரட்டைப் பாதை, ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஓர் இணைப்பு, சரக்குக் கொட்டகைக்குப் பிரியும் ஒரு சைடிங் (ஒதுக்குப் பாதை), இவ்வளவுதான் அதில் உண்டு.

சிக்னல்களை இயக்கும் கேபினுக்கு லேசரில் வெட்டிய ஒரு பாகத்தொகுப்பை வாங்கினேன். 15 அடிச் சுவர்ப் பலகங்கள் இரண்டு சேர்ந்து முன்பக்கம் 30 அடி, மாதிரியில் 120 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் சரியும் கூரை, அதன் உச்சிக் குமிழ்கள், மேல்மூலைகள் சரிவாக வெட்டப்பட்ட சன்னல் கண்ணாடிகள் எல்லாமே பழைய புகைப்படங்களுடன் ஒத்துப்போகின்றன. ஆனாலும் நிலையத்தின் அருகே வைத்துப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. உள்ளே வைப்பதற்கு 40 லீவர்களும் (இழுக்கும் நெம்புகோல்கள்), அடியிலிருந்து பாயிண்ட்டுகளுக்கு (வண்டியைப் பாதை மாற்றும் நகரும் தண்டவாளங்கள்) செல்லும் எட்டுத் தண்டுகளும் கொடுத்திருக்கிறார்கள். சிக்னல் லீவர்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசச் சொல்கிறது குறிப்புத்தாள். பிழை எங்கே என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கைகாட்டி எழுதியது:

நண்பரே, நீங்கள் கட்டடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். தண்டவாள வரைபடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். சிக்னல் கேபின் என்பது ஓர் இயந்திரத்தின் மேல் போட்ட கூரை. இயந்திரம் எவ்வளவு நீளமோ, கேபினும் அதற்கேற்ற நீளம்தான்.

உங்கள் நிலையத்துக்கு எத்தனை லீவர்கள் தேவை என்று எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு திசைக்கும் டிஸ்டன்ட் (தொலைவில் முன்னெச்சரிக்கை தருவது), ஹோம் (நிலையத்துக்குள் நுழைய அனுமதிப்பது), ஸ்டார்ட்டர் (புறப்பட அனுமதிப்பது) என மூன்று வீதம் ஆறு கைகாட்டிகள். பாதை மாறும் இணைப்பின் இரண்டு முனைகளையும் ஒரே லீவர் இயக்கும். சைடிங் பாயிண்ட்டுக்கும் அதன் காப்புப் பாயிண்ட்டுக்கும் (சைடிங்கிலிருந்து தானாக உருளும் வண்டி முக்கியப் பாதைக்கு வராமல் தடுப்பது) சேர்த்து இன்னொன்று. தரையோரச் சிறு சிக்னல்கள், இணைப்புக்கு இரண்டும் சைடிங்குக்கு ஒன்றும். ஆக மொத்தம் 11. பின்னாளில் தேவைப்படலாம் என்று விட்ட வெள்ளை நிற உபரி லீவர்களையும் சேர்த்தால் 16 போதும். லீவர்களை வரிசையாகத் தாங்கும் மிட்லண்ட் சட்டகத்தில் லீவருக்கு லீவர் 6 அங்குலம் என்பதால் 16 லீவர்களுக்கு 8 அடி; இரு முனையிலும் ஆள் நடமாட இடம் விட்டால் ஒரே ஒரு 15 அடிப் பலகமே தாராளம். மிட்லண்ட் தன் கேபின்களை 10, 12, 15 அடி நீளமுள்ள ஆயத்தப் பலகங்களைச் சேர்த்துத்தான் நிறுத்தியது. 30 அடிக் கேபின் ஒரு சந்திப்பு நிலையத்துக்கு உரியது. உங்கள் கிராமத்துக்கு அது பொருந்தாமல் உறுத்துவதில் வியப்பில்லை.

தண்டுகளின் கணக்கும் இதிலிருந்தே வந்துவிடும். பாயிண்ட்டை இழுக்கவும் தள்ளவும் வேண்டும் என்பதால் அதற்குத்தான் இரும்புத் தண்டு. சிக்னலை இழுத்தால் போதும் என்பதால் அதற்குக் கப்பிகளின் மேல் ஓடும் கம்பி. உங்களிடம் பாயிண்ட் லீவர்கள் இரண்டே, ஆகவே கேபினிலிருந்து வெளிவரும் தண்டுகளும் இரண்டே. எட்டையும் ஒட்டினால் விவரமறிந்தவர் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். சைடிங்கை எதிர்முகமாக, அதாவது முன்னோக்கி வரும் ரயில் நேரே அதற்குள் திரும்பக்கூடியபடி, பிரித்துவிடாதீர்கள். பயணிகள் பாதையில் எதிர்முகப் பாயிண்ட் இருந்தால் அதற்குப் பூட்டு தேவைப்படும். அதனால் இத்தகைய நிலையங்களில் அதைக் கூடியவரை தவிர்த்தார்கள். சரக்கு வண்டி கடந்து சென்று, பின்வாங்கித்தான் சைடிங்குக்குள் நுழையும்.

நாலுமில்லி எழுதியது:

மேலே உள்ளதை முழுவதுமாக ஏற்கிறேன். நிறத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் பாகத்தொகுப்பின் குறிப்புத்தாள் உங்களைத் தவறான ஆண்டுக்குக் கொண்டுபோகிறது. பிரிட்டனில் டிஸ்டன்ட் கைகாட்டி மஞ்சள் நிறத்துக்கு மாறியது 1920களின் பிற்பகுதியில்தான். 1922இல் அதன் கையும் மற்றவற்றைப் போலச் சிவப்பே. முனையில் மீன்வால் வெட்டு இருக்கும், அதற்குரிய லீவர் பச்சை. ஆகவே உங்கள் கேபினில் ஹோம், ஸ்டார்ட்டர் லீவர்கள் சிவப்பு, டிஸ்டன்ட் பச்சை, பாயிண்ட் கருப்பு, உபரி வெள்ளை.

புகைப்படத்தைப் பார்த்து நிறத்தை ஊகிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அக்காலப் படத்தகடுகளில் பல சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு ஏறக்குறையக் கருப்பாகப் பதியும், நீலம் வெளிறிப் போகும். டிஸ்டன்ட் கைகாட்டி எந்தக் காலத்தது என்று அறிய அதன் பட்டையைப் பாருங்கள்: சிவப்புக் கையில் பட்டை வெள்ளை, மஞ்சள் கையில் கருப்பு. இது எந்தத் தகட்டிலும் தெளிவாகத் தெரியும்.

படத்திலிருந்து அளவெடுக்கத் தண்டவாள இடைவெளியை நம்ப வேண்டாம். அது சுவரைவிடக் கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும். சுவரின் தளத்திலேயே இருக்கும் பலகத்தின் நீளத்தை அடிப்படையாக வைத்துச் சன்னலையும் கதவையும் அதோடு ஒப்பிட்டு அளந்தால், பிழை பெரிதாக வராது.

பழையகேபின் எழுதியது:

உள்ளமைப்பு வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: கட்டாயம் வேண்டும், சன்னல்கள்தான் இந்தக் கட்டடத்தின் முகம். வட இங்கிலாந்தின் செட்டில் (Settle) நிலையத்தில் 1891இல் திறக்கப்பட்டு 1984இல் மூடப்பட்ட மிட்லண்ட் கேபினைப் புதுப்பித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே போனபோது என் கண்ணில் முதலில் பட்டது லீவர்களின் மேல்பிடி. நிறமெல்லாம் கீழ்ப்பகுதியில்தான்; மேலே மெருகேற்றிய வெறும் எஃகு. வியர்வை பட்டுத் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக சிக்னல்மேன் எப்போதும் ஒரு துணியால் பிடித்தே லீவரை இழுப்பார். அந்தத் துணியை ஒரு லீவரின் மேல் போட்டு வையுங்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்று போதும். லீவர்களுக்கு மேலே தொங்கும் பலகையில் பிளாக் கருவிகளும் (பக்கத்துக் கேபின்வரை பாதை காலியா என்று காட்டுபவை) மணிகளும், பின்சுவரோரம் கணப்பும், வண்டிகளின் நேரம் குறிக்கும் பதிவேட்டுக்குச் சாய்மேசையும் வேண்டும்.

கிளைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவே ஒரு பலகத்தைக் கழற்றிவிட்டுக் கூரையைக் குறுக்கி வெட்டினேன். 60 மில்லிமீட்டர் கேபின் நடைமேடை முனையில் சரியாக உட்கார்ந்துவிட்டது. 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 16 லீவர்களைப் பித்தளைக் கம்பியில் செய்யத் தொடங்கியிருக்கிறேன். எந்த லீவர் எங்கே வரும் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

கைகாட்டி எழுதியது:

பாதையைப் பார்த்து நிற்கும் சிக்னல்மேனாக உங்களை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இடப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கான கைகாட்டிகள் சட்டகத்தின் இடமுனையிலும், வலப்புறத்திலிருந்து வருவதற்கானவை வலமுனையிலும், பாயிண்ட்டுகளும் தரைச் சிக்னல்களும் நடுவிலும் அமையும். அப்படியானால் உங்கள் பச்சை லீவர்கள் இரண்டும் இரு கோடிகளில் நிற்கும். உபரிகளை ஒரே இடத்தில் குவிக்காமல் ஆங்காங்கே விடுங்கள்.