‘எதிர்மறைப் பண்பு’ வேண்டாம்: ஜோம்பி ஆட்டத்துக்கு ஒரு கலைச்சொல் தேடி

வேலூர், சத்துவாச்சாரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

பிராஜெக்ட் ஜோம்பாய்ட் என்ற கணினி ஆட்டத்தின் தமிழாக்கத்தில் தொழில்களின் பெயர்கள் முடிந்துவிட்டன. ஜோம்பிக்கு ‘நடைப்பிணம்’ என்று வைத்ததிலும் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆளை உருவாக்கும் திரையில் சிவப்பில் வரும் பட்டியலின் தலைப்பில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறோம். இப்போதைக்கு அங்கே ‘எதிர்மறைப் பண்பு’ என்று கிடக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆடிப் பார்க்காதவர்களுக்காக அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எண்கள் எல்லாம் ஆட்டத்தின் பில்டு 41 என்ற பதிப்பின்படி. அடுத்த பதிப்பான 42இல் பல மாறியிருக்கின்றன. கதை நடப்பது 1993இல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில். முதலில் ஒரு தொழில் எடுக்கிறோம். ‘வேலையில்லாதவர்’ என்று எடுத்தால் கையில் 8 புள்ளி. ஆனால் வலிமை வேண்டுமென்றால் 10, நல்ல உடற்கட்டுக்கு 6, கூர்செவிக்கு 6, இருட்டில் பார்வைக்கு 2. மொத்தம் 24. மீதி 16 புள்ளிக்கு எங்கே போவது? அதற்குத்தான் அந்தச் சிவப்புப் பட்டியல். புகைப்பழக்கம் எடுத்தால் 4 கிடைக்கும், கிட்டப்பார்வைக்கு 2, மிகுந்த தாகத்துக்கு 6, செரிமானக் கோளாறுக்கு 3, மெதுவாகப் படிப்பதற்கு 2. ஆக 17. கணக்கு நேராகி ஒரு புள்ளி மிச்சமும் நிற்கிறது. இருப்பு சுழிக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்காது.

இப்போது ‘எதிர்மறை’ என்ற சொல்லைத் திரையில் வைத்துப் பாருங்கள். எதிர்மறை என்று தலைப்பு, அதன் கீழே எல்லா எண்ணுக்கும் முன்னால் கூட்டல் குறி! பக்கத்துப் பச்சைப் பட்டியலில் நல்லவற்றுக்கெல்லாம் கழித்தல் குறி. புதிதாக ஆடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இரண்டாவது, ‘பண்பு’ என்றால் நம் காதில் நற்குணம் என்றுதான் விழும். கிட்டப்பார்வை ஒரு பண்பா? மூன்றாவது, ‘எதிர்மறைப் பண்பு’ ஒன்பது எழுத்து, பொத்தானுக்குள் அடங்கவில்லை.

என் பரிந்துரை: ஏற்குறை. நாமாக ஏற்கும் குறை. நான்கே எழுத்து. கருத்து சொல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து

அண்ணா, வணக்கம்.

‘எதிர்மறை’ போக வேண்டும் என்பதில் எனக்கும் ஒப்புதல். ஆனால் ‘ஏற்குறை’யைப் பார்த்த நொடியில் ‘ஏறக்குறைய’ என்பதைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. திருத்திப் படித்த பிறகுதான் பொருள் பிடிபட்டது. படிக்கிறவர் மனசுக்குள் எழுத்துப்பிழை திருத்த வேண்டிய சொல் நிலைக்காது அண்ணா.

நம்மிடம் ‘நிறைகுறை’ என்று சோடியாகவே ஒரு சொல் இருக்கிறதே! பச்சைப் பட்டியலுக்கு நிறை, சிவப்புக்குக் குறை. யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

தலைப்பைவிட எனக்குப் பெரிய கவலை, பட்டியலுக்குள் இருக்கும் தனித்தனிப் பெயர்கள்தாம். உதாரணத்துக்கு, 8 புள்ளி தரும் தோல் பற்றிய குறை. நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘மெல்லிய தோல்’ என்று இருக்கிறது. ‘அவனுக்குத் தோல் தடிப்பு’ என்றால் சொரணை இல்லாதவன் என்று பொருள் கொள்கிறோம் இல்லையா? அதனால் மெல்லிய தோல் என்றதும் சட்டென்று முகம் வாடுகிற ஆள் என்று ஒருவர் நினைக்கக்கூடும். ஆட்டத்தில் அது மனசு சம்பந்தப்பட்டதே இல்லை. நடைப்பிணம் கையை வீசும்போது தோல் கிழியும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ உயிரை வாங்கும்: பிறாண்டலில் தொற்று ஏற 7 விழுக்காடு, கிழிசலில் 25, கடியில் 100. தொற்று ஏறினால் மருந்து கிடையாது. 8 புள்ளி பெரிதாகத் தெரிந்தாலும் இதை எடுத்தவர் தோல் சட்டை, கையுறை, தடித்த கால்சட்டை தேடி முதல் நாளே அலைய வேண்டும். கோடை வெயிலில் அத்தனையும் போட்டால் உடல் சூடேறித் தாகம் கூடும், களைப்பும் சேரும்.

தோல் தொழில் செய்யும் ஊரிலிருந்து சொல்கிறேன், இங்கே தடிப்பை ‘மொத்தம்’ என்பார்கள், மொத்தமான தோல். எழுத்தில் அது ‘கூட்டுத்தொகை’ ஆகிவிடும் என்பதால் வேண்டாம். ‘கிழிதோல்’ என்று வைக்கலாமா? எளிதில் கிழியும் தோல். நடப்பதை அப்படியே சொல்கிறது.

காட்பாடியிலிருந்து

அன்புள்ள இருவருக்கும்,

ஆம்பூர்த் தம்பியின் ‘கிழிதோல்’ அருமை. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. மூன்று காலமும் உள்ளே அடங்கியிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘நிறைகுறை’யில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி இயற்பியல் நூலில் நிறை என்றால் பொருளின் திணிவு. இந்த ஆட்டத்திலோ கிலோ கணக்கு எங்கும் இருக்கிறது: மூட்டையின் எடை, ஆளின் எடை. ஆளை உருவாக்கும் அதே திரையில் ‘அதிக எடை’ என்று ஒரு குறை 6 புள்ளிக்கு இருக்கிறது. எடுத்தால் 95 கிலோவில் தொடங்குவோம். அந்த வரிக்கு மேலேயே ‘நிறை’ என்று தலைப்பு வைத்தால் இரண்டும் மோதும். நல்லவற்றுக்கு ‘சிறப்பு’ போதும்.

‘குறை’ மட்டும் தனியாக நிற்கலாமா? திரைத் தலைப்பில் நிற்கலாம். உதவிக் குறிப்புகளில் நிற்காது. ஆட்டத்தின் நடுவே வரும் பசி, களைப்பு, காய்ச்சல், எலும்பு முறிவு எல்லாமும் குறைதானே? நிரலில் உள்ள பிழையையும் ‘குறைபாடு’ என்றுதான் பலர் எழுதுகிறார்கள். தொடக்கத்திலேயே புள்ளிக்காக நாம் எடுத்துக்கொள்ளும் குறையைத் தனியே பிரித்துக்காட்ட ஒரு சொல் வேண்டும். அதன் உயிர் எங்கே இருக்கிறது? ‘ஏற்பதில்’ என்கிறார் சத்துவாச்சாரித் தம்பி. நான் ‘ஈட்டுவதில்’ என்பேன். இந்தக் குறை சும்மா வருவதில்லை, புள்ளியைச் சம்பாதித்துக்கொண்டு வருகிறது. ஆகவே: ஈட்டுகுறை.

அலுவலகங்களில் ‘ஈட்டிய விடுப்பு’ என்று நாள்தோறும் எழுதுகிறோம், சொல் புதிதில்லை. கவனிக்க வேண்டியது ஒற்று. ஈட்டும் குறை, ஈட்டிய குறை என்று விரியும் வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ வராது. யாராவது ‘ஈட்டுக்குறை’ என்று எழுதினால் அது ஈடு என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்ததாகி, அடகு வைத்த குறை என்று பொருள்படும். பொருள் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது, உடம்பின் ஒரு பகுதியை அடகு வைத்துத்தானே புள்ளி வாங்குகிறோம். ஆனால் கோப்பில் ஒரே வடிவம் இருக்க வேண்டும். தேடும்போது இரண்டு வடிவம் இருந்தால் பாதி வரிகள் விடுபடும்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய கோப்பில் ஓரிடத்தில் ‘ஊனங்கள்’ என்று இருந்தது. அது எந்த வடிவிலும் திரும்ப வரக் கூடாது. அரசே ‘மாற்றுத்திறனாளி’ என்று எழுதத் தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன. 12 புள்ளி தரும் குறைக்கு ‘செவிடு’ என்று இருப்பதையும் ‘கேளாமை’ என்று மாற்றுங்கள். 4 புள்ளிக்கு உரியது ‘காது மந்தம்’. நம் பக்கத்துப் பேச்சு வழக்கு, இழிவும் இல்லை. படிக்கத் தெரியாததற்கு ‘கைநாட்டு’ என்று போட்டிருந்தார்கள். நம் பாட்டன் பாட்டிகளைக் கேலி செய்யும் சொல் அது. ‘எழுத்தறியாமை’ என்று வையுங்கள். 8 புள்ளி கொடுக்கிறது, ஆனால் திறன் நூல் ஒன்றையும் படிக்க முடியாது. தச்சும் சமையலும் வண்டிப் பழுதும் கையால் செய்து செய்தே ஏற வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து

ஐயா, வணக்கம்.

‘ஈட்டுகுறை’ எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகளை மட்டும் எழுப்புகிறேன்; தீர்ந்தால் என் ஒப்பு உண்டு.

ஒன்று, ஆட்டத்தில் ‘ஈட்டி’ என்று ஓர் ஆயுதம் இருக்கிறது. மரக்கிளையைச் சீவிச் செய்வது, பலரும் முதல் வாரம் அதைத்தான் நம்புகிறார்கள். தேடல் பெட்டியில் ‘ஈட்டி’ என்று அடித்தால் ‘ஈட்டிய’ என்று எழுதிய வரிகளும் சேர்ந்து வரும். ‘ஈட்டுகுறை’ என்ற வடிவத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் இது வராது. ஆகவே உதவிக் குறிப்புகளில் ‘ஈட்டிய புள்ளி’ என்று எழுதாதீர்கள், ‘பெற்ற புள்ளி’ என்று எழுதுங்கள்.

இரண்டு, எழுத்துரு. எழுத்துகளைப் படமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போகும் ஆட்டங்களில் தமிழ் உடைந்துபோகும். ‘றை’ என்பதை ஒருங்குறி ‘ற’ முதலில், இணைக்கொம்பு பிறகு என்று சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். வரிசையை மாற்றிக் கொடுக்கும் பொறி இல்லாவிட்டால் கொம்பு பின்னால் தொங்கும். இதைக் காரணம் காட்டி ‘றை’ இல்லாத சொல் தேடலாம் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அது வீண் வேலை. ‘கு’, ‘டு’ போன்றவையும் தனி வடிவம் எடுப்பவை. அவையும் அங்கே உடையும். கொம்பும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை சொல் எழுத முடியும்? பொறியைத்தான் சரி செய்ய வேண்டும், சொல்லை இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ‘கொக்கு, கேடு, கை, குறை, பௌர்ணமி’ என்ற ஐந்து சொல்லையும் திரையில் ஓட்டிப் பாருங்கள். ஐந்தும் நேராக வந்தால் மற்றவை பெரும்பாலும் வந்துவிடும்.

கூட்டல், கழித்தல் குழப்பத்துக்கு ஒரு யோசனை. எண்ணுக்கு முன்னால் குறியை மட்டும் விட்டுவிடாமல், சிவப்புப் பட்டியலின் தலையில் ‘வரவு’ என்றும் பச்சையின் தலையில் ‘செலவு’ என்றும் சின்னதாகப் போடுங்கள். புகைப்பழக்கம், வரவு 4. வலிமை, செலவு 10. கீழே ‘இருப்பு’. மளிகைக் கடைக் கணக்கு பார்த்தவர் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம்.

புகைப்பழக்கம் பற்றியும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். பலர் இதை இலவசப் புள்ளி என்று எடுக்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், நடைப்பிணங்களின் சட்டைப்பையிலேயே சிகரெட் கிடைக்கும். ஆனால் நெருப்பு தனியாக வேண்டும், லைட்டரோ தீப்பெட்டியோ. பை நிறைய சிகரெட் இருந்து ஒரு குச்சி இல்லாவிட்டால் மன அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தீப்பெட்டிக்குப் பெயர்போன ஊர்க்காரி சொல்கிறேன், குறிப்பில் ‘லைட்டர்’ என்று மட்டும் இருப்பதைத் திருத்துங்கள்!

சத்துவாச்சாரியிலிருந்து

ஐயாவுக்கும் குடியாத்தம் அக்காவுக்கும் நன்றி. ‘ஏற்குறை’யை நான் திரும்பப் பெறுகிறேன். திரைத் தலைப்பு ‘குறை’ (வரவு), உதவிக் குறிப்புகளிலும் விளக்கங்களிலும் ‘ஈட்டுகுறை’. எதிர்ச்சொல் ‘சிறப்பு’ (செலவு).

தொடர்ந்து ஒரு துணைப்பிரிவு தேவைப்படுகிறது. சில ஈட்டுகுறைகள் ஆட்டத்திலேயே தீரும். 95 கிலோவில் தொடங்கியவர் குறைவாகச் சாப்பிட்டு உழைத்து 85க்குக் கீழே வந்தால் ‘அதிக எடை’ பட்டியலிலிருந்து மறைகிறது. வலிமைக் குறைவும் அப்படியே: எல்லாரும் 5ஆம் நிலையில் தொடங்க, இதை எடுத்தவர் அதற்குக் கீழே தொடங்குகிறார், பயிற்சியால் 5ஐ எட்டினால் பெயர் போய்விடும். வாங்கிய புள்ளியோ திரும்பிப் போகாது. அதே நேரம் கிட்டப்பார்வையும் மிகுந்த தாகமும் கடைசிவரை கூடவே வரும். புதிதாக ஆடுகிறவர் தேர்ந்தெடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான். ஆகவே தீர்குறை, தீராக்குறை. முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். ஐயா சரிபார்க்க வேண்டும்.

தாகத்துக்கு ‘பெருந்தாகம்’ என்று வைத்துவிட்டேன். தண்ணீர்த் தேவை இரட்டிப்பாகும். குழாயில் தண்ணீர் வரும்வரை ஒன்றும் தெரியாது. வழக்கமான அமைப்பில் முதல் 30 நாளுக்குள் ஏதோ ஒரு நாள் அது நின்றுவிடும். அதற்குள் பாத்திரம், பாட்டில், வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைக்க வேண்டும், கூரைமேல் மழைநீர்ப் பீப்பாய் கட்ட வேண்டும், பீப்பாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். குடம் குடமாய்ப் பிடித்து வைத்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த 6 புள்ளி லாபம் என்பேன்.

மாறிக் கிடந்த இரண்டு பெயர்களையும் பிரித்துவிட்டேன். பழைய கோப்பில் இரண்டுக்குமே ‘தடுமாற்றம்’ என்று இருந்தது. ஒன்று பொருளைப் பையிலிருந்து எடுத்து வைக்க அதிக நேரம் பிடிப்பது, அது ‘கைமந்தம்’. மற்றது நடக்கும்போது காலோசை கூடுதலாகக் கேட்பது, அது ‘தடநடை’. அதற்கு எதிரான சிறப்பு ‘மென்னடை’. இரண்டு குறைக்கும் 2 புள்ளிதான், ஆனால் ஒன்று நேரத்தைத் தின்னும், மற்றது கூட்டத்தைக் கூட்டிவரும். ஒரே பெயரில் விட்டிருந்தால் படிக்கிறவர் எதை எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்திருப்பார்.

காட்பாடியிலிருந்து

தீர்குறை, தீராக்குறை இரண்டும் சரி தம்பி. ‘ஓடாக்குதிரை’ போல. கோப்பில் ஏற்றலாம்.

ஆம்பூரிலிருந்து

அண்ணா, ஒன்றே ஒன்று பாக்கி. வண்டியை மெதுவாக ஓட்டும் குறை, 1 புள்ளி. ‘ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் மெதுவாக ஓட்டுவதற்கும் தமிழில் ஒரு தொடர்பும் கிடையாது. வாரம் ஒருநாள்தான் இந்தக் குறை இருக்கும் என்றே புரிந்துகொள்வார்கள். வண்டியின் வேகம் குறையும், பின்னோக்கி ஓட்டுவதும் மந்தமாகும். நான்கு பக்கமும் நடைப்பிணங்கள் சூழ்ந்து, பின்னால் எடுத்துத் தப்ப வேண்டிய நேரத்தில்தான் இது உறைக்கும். ஆகவே குறிப்பில் பின்னோக்கி ஓட்டுவதையும் மறக்காமல் எழுத வேண்டும். பெயருக்கு ‘மெதுவோட்டி’ என்று போட்டுப் பார்த்தேன், ஐந்து எழுத்து, பொத்தானில் அடங்குகிறது. வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கோப்பை மூடுவதற்குள் அனுப்புங்கள்.