வன்னியிலிருந்து கனடா வந்தவர்களுக்கு: குளிர்காலத்தில் ஆர்.வி.யோடு அமெரிக்க எல்லை கடப்பது

தம்பி, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஆர்.வி. (கட்டில், சமையலறை எல்லாம் உள்ள பயண வண்டி) வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு புளோரிடா போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வண்டி பார்க்க முதல் உங்கள் பத்திரங்களைப் பாருங்கள்.

நிரந்தர வதிவிட அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் போக முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். அகதியாக ஏற்கப்பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குடியுரிமை கிடைக்கும்வரை இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டாம், அதில் பயணம் செய்யவும் வேண்டாம். 2012-ல் சட்டம் மாறிய பிறகு, அகதி அந்தஸ்தோடு நிரந்தர வதிவிடமும் பறிபோகக்கூடிய விஷயம் இது. கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தை எடுத்து, அதில் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அகதி வழக்கு முடியாதவர்கள் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். விசா கிடைத்தவர்கள், ஐ-94 வருகைப் பதிவைப் பயணத்துக்கு முந்திய 7 நாட்களுக்குள் இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம்.

வாடகை வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதிக் கடிதம், அமெரிக்காவிலும் செல்லுபடியாகும் காப்புறுதி, தாயோ தகப்பனோ கூட வராவிட்டால் பிள்ளைகளுக்கு அவருடைய சம்மதக் கடிதம், மருத்துவப் பயணக் காப்புறுதி. இதில் ஒன்றையும் விடாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒன்ராறியோ சுகாதார அட்டை கொடுப்பது மிகக் கொஞ்சம்.

எங்கள் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். பற்றறியும் சவர்க்காரமும்கூடத் தடையாக இருந்த காலத்தில் ஒளித்துக் கொண்டுவந்துதான் சீவித்தோம். இன்றைக்கும் சீருடையைக் கண்டால் பலருக்குத் தொண்டை அடைக்கும். அது உங்கள் பிழையில்லை. ஆனால் டிட்ரொயிட், பஃபலோ எல்லைச் சாவடிகளில் அந்தப் பழக்கம் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், வண்டி யாருடையது, சாப்பாட்டுச் சாமான் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நேராகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் அதையும் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பின்பக்கத் திரைச்சீலைகளை விலக்கி விடுங்கள். அதிகாரி உள்ளே ஏறி, பிரிட்ஜையும் கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம். ஆர்.வி. என்றால் அது வழமை.

கறிவேப்பிலை, தேசிக்காய், தோடம்பழம், ஆட்டிறைச்சி, ஊரிலிருந்து வந்த அரிசி, விறகு: இவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கறிவேப்பிலையில் தங்கும் ஒரு சின்னப் பூச்சி, தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். 2005-ல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அங்கே எத்தனையோ தோட்டங்கள் அழிந்துபோயின. தோட்டம் செய்து சீவித்த சனத்துக்கு அந்த இழப்பு விளங்கும். மறந்து ஏதாவது வந்துவிட்டால் கேட்க முதலே சொல்லிவிடுங்கள், எடுத்து எறிவதோடு முடிந்துவிடும். சொல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 டொலர் வரை போகலாம்.

சரி, குளிர். ஆர்.வி.யின் தண்ணீர்த் தாங்கியை ரொறன்ரோவில் நிரப்ப வேண்டாம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், கைகழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூட்டு வெடித்துவிடலாம். குழாய்களுக்குள் ஆர்.வி.க்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் இருக்க வேண்டும். காருக்கு ஊற்றுவது நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். தெற்கே போய், இரவிலும் உறைநிலைக்கு மேலே இருக்கும் இடத்தில் குழாயைக் கழுவி நிரப்புங்கள். அதுவரை குடிக்கப் போத்தல் தண்ணீர். காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்காமல் ஒரு இரவும் படுக்காதீர்கள்.

பாதை என்றால், 401 நெடுஞ்சாலையில் வின்சர் போய் அம்பாசடர் பாலத்தால் கடப்பதைத்தான் நான் சொல்வேன். சுரங்கப்பாதை ஆர்.வி.க்குத் தோதில்லை. அங்கிருந்து ஐ-75 நெடுஞ்சாலை நேரே புளோரிடா போகிறது. பஃபலோ பக்கம் ஏரிக்கு மேலால் வரும் குளிர்காற்றால் பனி சட்டென்று கொட்டும். 2022 கிறிஸ்மஸ் புயலில் வாகனங்களுக்குள்ளேயே செத்தவர்களும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் முற்பதிவுக் காசு போனாலும் பரவாயில்லை, புறப்படுவதைப் பிற்போடுங்கள்.