நாலு பிசியை சேர்த்து பிளெண்டர் ரெண்டர் போடணும், 9 நாள்தான் இருக்கு

பொம்மைக்காரன்:

வணக்கம் மக்களே. நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் மாடி ரூம்ல உக்காந்து சின்னதா அனிமேஷன் பண்றோம், இதுவரைக்கும் கல்யாண இன்விடேஷன், கடை விளம்பரம்னு பத்து பதினஞ்சு செகண்ட் வேலைதான். இப்ப முதல் தடவையா ஒரு யூட்யூப் சேனலுக்கு குழந்தைங்க பாட்டு, ஒன்றரை நிமிஷம், முழுக்க 3டி, பிளெண்டர்ங்கற சாஃப்ட்வேர்ல பண்றோம். செகண்டுக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 2,160. அதோட சைக்கிள்ஸ் எஞ்சின்ல ரெண்டர் பண்ண, அதாவது 3டி சீனை கணக்கு போட்டு படமா எடுக்க, ஒரு ஃப்ரேமுக்கு சராசரியா 7 நிமிஷம் ஆகுது, கணக்கு போட்டா 252 மணி நேரம், அதாவது பத்தரை நாள். டெலிவரிக்கு இருக்கறது 9 நாள். 😭

எங்ககிட்ட இருக்கறது: ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு (12 ஜிபி மெமரி) போட்ட பிசி ஒண்ணு, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி போட்டது ரெண்டு, கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத லேப்டாப் ஒண்ணு. நாலையும் நெட்வொர்க்ல சேர்த்து பிரிச்சு ரெண்டர் பண்ணா ரெண்டரை நாள்ல முடியும்ல? எந்த சாஃப்ட்வேர் போடலாம்? டெட்லைன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்காமே, பேரை கேட்டாலே வயித்த கலக்குது. காசு குடுத்து வாங்கற நிலைமைல இல்ல.

ராத்திரி_ரெண்டர்:

தம்பி, நாலு மெஷின்னா நாலு மடங்கு வேகம்னு கணக்கு போட்டுட்டீங்க, அங்கதான் எல்லாரும் சறுக்குவோம். 3060ல 7 நிமிஷம்னா 1650ல அதே ஃப்ரேம் 20 நிமிஷமாவது இழுக்கும், லேப்டாப் சிபியூல 40ன்னு வெச்சுக்கோங்க. மணிக்கு எத்தனை ஃப்ரேம்னு பாருங்க, 3060 எட்டரை, 1650 ரெண்டும் சேர்ந்து ஆறு, லேப்டாப் ஒன்றரை, மொத்தம் பதினாறு. 2,160 முடிய அஞ்சரை நாளுக்கு மேல ஆகும். ரெண்டு மடங்கு கூட வரல. இதுவும் 4 ஜிபி கார்டுல உங்க சீன் அடங்கினாதான், அடங்கலன்னா மெமரி பத்தலன்னு எரர் அடிச்சு நின்னுடும், இல்ல நத்தை மாதிரி ஊரும்.

சாஃப்ட்வேர்னா பிளெண்டருக்கு ஃபிளமென்கோ போடுங்க. ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற பிளெண்டர் ஸ்டுடியோகாரங்க அவங்க வேலைக்காக செஞ்சது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. டெட்லைன் நல்ல சாமான்தான், திங்க்பாக்ஸ்காரங்க செஞ்சது, 2017ல அமேசான் வாங்கிட்டாங்க, ஆனா மாயா, மேக்ஸ், நியூக்னு பல சாஃப்ட்வேரை கலந்து ஓட்டற பெரிய ஸ்டுடியோவுக்கான ஐட்டம், நாலு பிசிக்கு அதை கட்டி இழுக்க வேணாம்.

ஃபிளமென்கோல மேனேஜர்னு ஒண்ணு, வொர்க்கர்னு ஒண்ணு. ஒரு பிசில மேனேஜர் ஓடும், மத்ததுல எல்லாம் வொர்க்கர் (மேனேஜர் பிசிலயே வொர்க்கரும் ஓட்டலாம்). வொர்க்கர் சும்மா இருந்தா தானா மேனேஜர்கிட்ட போய் வேலை இருக்கான்னு கேக்கும், வேகமான மெஷின் சீக்கிரம் முடிச்சுட்டு அடுத்ததை வாங்கிக்கும், அதனால நீங்க உக்காந்து இவனுக்கு இத்தனை அவனுக்கு இத்தனைன்னு பங்கு போட வேணாம். எல்லாம் பிரவுசர்லயே தெரியும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், சாஃப்ட்வேர் போடறது பத்து நிமிஷ வேலை, பாத் (ஃபைல் எங்க இருக்குங்கற விலாசம்) சரி பண்றதுதான் ஒரு நாள் தின்னும். எல்லா மெஷினுக்கும் பொதுவா ஒரு ஷேர்டு ஃபோல்டர் வேணும், அதை எல்லாத்துலயும் ஒரே டிரைவ் லெட்டர்ல மேப் பண்ணுங்க, இசட்னா எல்லாத்துலயும் இசட். டெக்ஸ்சர் (பொம்மை மேல ஒட்டற படம்) ஒண்ணு உங்க சி டிரைவ் டவுன்லோட்ஸ்ல கிடந்துச்சுன்னா உங்க மெஷின்ல அழகா வரும், மத்த மெஷின்ல அந்த பொம்மை பிங்க் கலர்ல நிக்கும். பிளெண்டர் வெர்ஷனும் எல்லாத்துலயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். நான் ஒருதடவை மூணு பிசில 4.2 போட்டுட்டு ஒண்ணுல மட்டும் 3.6 இருந்ததை கவனிக்கல, 4.0ல வந்த ஏஜிஎக்ஸ்ங்கற கலர் செட்டிங் பழைய வெர்ஷனுக்கு தெரியாதுல்ல, நடுநடுவுல பத்து பத்து ஃப்ரேம் மட்டும் வேற கலர். ஓட்டி பாத்தா டியூப்லைட் மினுக்கற மாதிரி இருந்துச்சு.

ஆமா, அவுட்புட் எதுல எடுக்கறீங்க?

பொம்மைக்காரன்:

அண்ணா இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. அவுட்புட் நேரா எம்பி4 தான் எடுப்போம் எப்பவும்.

ராத்திரி_ரெண்டர்:

அய்யய்யோ. அதை முதல்ல மாத்துங்க. ஒரே வீடியோ ஃபைலை நாலு பிசி எப்படி பங்கு போட்டு எழுதும்? பிஎன்ஜி சீக்வென்ஸா (ஃப்ரேமுக்கு ஒரு படமா) எடுங்க, கலர் கரெக்ஷன் பின்னாடி பண்றதா இருந்தா இஎக்ஸ்ஆர் ஃபார்மட். ஒரே மெஷின்ல எடுத்தாலும் அப்படித்தான் எடுக்கணும், 2,000வது ஃப்ரேம்ல கரண்ட் போச்சுன்னா எம்பி4 மொத்தமா காலி.

சாம்பிள்_குறைங்கப்பா:

ரெண்டர் ஃபார்ம் (இப்படி பல பிசியை சேர்த்து ஓட்டறது) எல்லாம் அப்புறம் கட்டலாம், முதல்ல ஒரு குழந்தைங்க பாட்டுக்கு ஏன் ஃப்ரேமுக்கு 7 நிமிஷம் ஆகுது? சாம்பிள் (ஒரு பிக்சலுக்கு எத்தனை தடவை ஒளியை கணக்கு போடறது) 4096லயே விட்டுருக்கீங்களா? அது டீஃபால்ட். 256க்கு இறக்குங்க, நாய்ஸ் த்ரெஷோல்டை (எவ்ளோ புள்ளி மிச்சம் இருந்தா போதும்னு நிறுத்தற அளவு) 0.01ல இருந்து கொஞ்சம் ஏத்துங்க, மிச்ச புள்ளியை துடைக்க டீநாய்ஸ் ஆன் பண்ணுங்க. லைட் பவுன்ஸ் (ஒளி எத்தனை தடவை பட்டு தெறிக்கறது) 12 எதுக்கு, கார்ட்டூன் பொம்மைக்கு 4 போதும். பின்னாடி தூரத்துல நிக்கற மரத்துக்கு 4கே டெக்ஸ்சர் போட்டிருப்பீங்க, சிம்ப்ளிஃபை செட்டிங்ல டெக்ஸ்சர் லிமிட் வைங்க, அந்த 4 ஜிபி கார்டுலயும் சீன் உக்காரும்.

டீநாய்ஸரை மட்டும் எல்லா மெஷின்லயும் ஒண்ணே வைங்க, ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ். ஒண்ணுல ஆப்டிக்ஸ்ங்கற வேற டீநாய்ஸர், ஒண்ணுல இதுன்னு கலந்தா முகத்துல ஃபிளிக்கர் வரும்.

கரண்ட்_போச்சு:

சாஃப்ட்வேரே இல்லாம ஒரு வழி இருக்கு ப்ரோ. பிளெண்டர் அவுட்புட்ல ஓவர்ரைட் டிக்கை எடுத்துட்டு பிளேஸ்ஹோல்டர் டிக்கை போடுங்க, நாலு மெஷின்லயும் அதே ஃபைலை திறந்து ஒரே ஷேர்டு ஃபோல்டருக்கு ரெண்டர் குடுங்க. ஒரு மெஷின் ஒரு ஃப்ரேமை எடுத்த உடனே அந்த பேர்ல காலி ஃபைல் ஒண்ணு வெச்சுடும், அடுத்த மெஷின் அதை பாத்துட்டு தாண்டி போயிடும். பஸ்ல கர்சீப் போட்டு சீட் பிடிக்கறோம்ல, அதேதான். நான் ரெண்டு வருஷம் இப்படியேதான் ஓட்டினேன். ஒரே ஒரு வில்லங்கம், நடுவுல கரண்ட் போனா அந்த காலி ஃபைல் அப்படியே கிடக்கும், திரும்ப ஓட்டும்போது முடிஞ்சுருச்சுன்னு நினைச்சு தாண்டிடும். கடைசில ஃபோல்டரை சைஸ் வாரியா அடுக்கி 0 கேபி ஃபைலை எல்லாம் அழிச்சுட்டு திரும்ப ஓட்டணும்.

அப்புறம் நாலையும் ஒரே ஸ்பைக் பஸ்டர்ல சொருகி அதை 5 ஆம்ப் பிளக்ல போடாதீங்க, ராத்திரி முழுக்க ஃபுல் லோடுல ஓடும்போது பிளக் உருகி எங்க வீட்ல அம்மா ரெண்டு நாள் பேசல. மேனேஜர் பிசிக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யூபிஎஸ் கண்டிப்பா வேணும். விண்டோஸ் ஸ்லீப், ஆட்டோ அப்டேட் ரெண்டையும் நிறுத்துங்க, தூங்கி எழுந்து பாத்தா பிசியும் தூங்கிட்டு இருக்கும்.

ஃபிரீலான்ஸ்_பூனை:

ஷீப்இட்னு ஒரு ரெண்டர் சைட் இருக்கே, யாரும் சொல்லலையா? அடுத்தவங்க ஃப்ரேமை நம்ம பிசில ரெண்டர் பண்ணி குடுத்தா பாயிண்ட் ஏறும், அந்த பாயிண்ட்ல நம்மளது ஓடும். ஃப்ரீ.

ராத்திரி_ரெண்டர்:

சொந்த படம்னா சூப்பர். க்ளையண்ட் வேலைக்கு யோசிச்சு போடுங்க, உங்க ஃபைல் முகம் தெரியாதவங்க மெஷினுக்கு போகுது, சேனல்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது. இன்னொண்ணு, சிமுலேஷன், துணி, முடி இதெல்லாம் இருந்தா பேக் பண்ணி (அசைவை முன்னாடியே கணக்கு போட்டு சேமிச்சு) அந்த கேஷ் ஃபைலையும் ஷேர்டு ஃபோல்டர்லயே வைங்க. பேக் பண்ணலன்னா 900வது ஃப்ரேம்ல இருந்து ஆரம்பிக்கற மெஷினுக்கு அதுக்கு முன்னாடி துணி எப்படி ஆடுச்சுன்னே தெரியாது.

பொம்மைக்காரன்:

மூணு நாள் கழிச்சு அப்டேட். சாம்பிள், பவுன்ஸ், டெக்ஸ்சர் எல்லாம் குறைச்சேன், 3060ல 7 நிமிஷம் 3 ஆச்சு, 1650ல 8. நெட்வொர்க்கே இல்லாம 3060 மட்டும் ஓடினாலே நாலரை நாள்ல முடிஞ்சிருக்கும், பத்தரை நாள் எங்க நாலரை எங்க. மூணையும் சேர்த்தா மணிக்கு 35 ஃப்ரேம். டெஸ்ட்ல லேப்டாப் பாட்டிமாவோட சேலையை பிங்க் ஆக்குச்சு, அண்ணன் சொன்ன அதே சி டிரைவ் கதை. லேப்டாப்பை கழட்டி விட்டுட்டேன்.

ஃபிளமென்கோல முதல் நாள் எல்லாமே மந்தமா இருந்துச்சு. தேடி பாத்தா ரெண்டு கோளாறு. எங்க ரவுட்டர் போர்ட் 100 எம்பிபிஎஸ்தானாம், 3 ஜிபி சீன் ஒரு மெஷினுக்கு போகவே 4 நிமிஷம், ஒரு ஜிகாபிட் சுவிட்ச் வாங்கி போட்டதும் அரை நிமிஷத்துக்குள்ள போகுது. ரெண்டாவது, சங்க் சைஸ் (ஒரு தடவைக்கு ஒரு மெஷினுக்கு குடுக்கற ஃப்ரேம் எண்ணிக்கை) 1ல வெச்சிருந்தேன், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிளெண்டர் புதுசா திறந்து சீனை முதல்ல இருந்து லோட் பண்ணிட்டு இருந்துச்சு. இப்ப 10. இன்னிக்கு காலைல வரைக்கும் 1,380 முடிஞ்சுது.

ஒரு டவுட், கடைசில மெதுவான மெஷின் 10 ஃப்ரேம் எடுத்து வெச்சுட்டு 80 நிமிஷம் இழுக்குமே, மத்த ரெண்டும் வேடிக்கை பாத்துட்டு நிக்குமே, அதுக்கு என்ன பண்றது?

ராத்திரி_ரெண்டர்:

கடைசி 100 ஃப்ரேமை தனி ஜாபா குடுங்க, அதுக்கு மட்டும் சங்க் 2. இல்லன்னா கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது 1650 ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு 3060கிட்ட விட்டுடுங்க. சுவிட்ச் எவ்ளோ ஆச்சு, எத்தனை போர்ட்?