உதவி தேவை: பழைய பிக்கப் வண்டியில் ஹீட்டர் காற்று முன்கண்ணாடிக்கே போகிறது

வினிபெக்வாசி: வணக்கம். என் பிக்கப் வண்டியின் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. காற்று முன்கண்ணாடிக்கே போகிறது, அதிலும் போதிய சூடு இல்லை. இங்கே பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக் குளிர். நாளை அதிகாலை வேலைக்குப் போக வேண்டும் என்பதால் தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

செம்பருத்தி: வண்டி எந்த ஆண்டினது, பெட்ரோலா டீசலா? புளோவர் (காற்றை ஊதும் விசிறி) எல்லா வேகங்களிலும் சுழல்கிறதா? எஞ்சின் வெப்பமுள் எங்கே நிற்கிறது? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

கடலோடி: ஹீட்டர் கோர், அதாவது உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறிய ரேடியேட்டர், அடைத்துக்கொண்டிருக்கும். பழைய வண்டிகளில் பத்துக்கு ஒன்பது அதுதான். எஞ்சின் சூடான பிறகு, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவருக்குள் போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம், எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பட்டறைப் பெரியவர்: தம்பி கடலோடி, எந்த வண்டி வந்தாலும் நீங்கள் ஹீட்டர் கோரைத்தான் சொல்கிறீர்கள். கோர் அடைத்தால் சூடு குறையுமே தவிர, காற்றின் திசை மாறாது. கேட்டவரும் வண்டியின் ஆண்டைக்கூட எழுதவில்லை. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பவருக்கு யார் என்ன கொடுக்க முடியும்? அடிப்படைகளைப் படித்துவிட்டு வந்து கேட்டால் நம் எல்லோருடைய நேரமும் மிஞ்சும்.

வினிபெக்வாசி: 1994 மாடல், பெட்ரோல், எட்டு சிலிண்டர். புளோவர் எல்லா வேகங்களிலும் சுழல்கிறது. வண்டி நிற்கும்போது முகத்துக்குக் காற்று வருகிறது, ஆனால் வேகம் கூட்டினாலோ மேம்பாலம் ஏறினாலோ அது நின்று முன்கண்ணாடிக்கு மாறிவிடுகிறது.

செம்பருத்தி: இந்தக் கடைசி வரிதான் முக்கியமான தடயம். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறல்ல, இரண்டு. காற்று எங்கே போகிறது என்பது ஒன்று, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் காற்றுக் கதவுகளை அசைப்பது மின்மோட்டார் அல்ல, எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சு குழலிலிருந்து வரும் வேக்குவம், அதாவது உறிஞ்சு விசை. எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது உறிஞ்சு விசை மிகுதியாக இருக்கும். நல்ல எஞ்சினில் வேக்குவம் மானி ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் அது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த இடைவேளையில் கதவுகளைப் பிடித்து வைக்கத்தான் ஒருவழி வால்வும் சிறிய சேமிப்புக் கலனும் இருக்கின்றன. எங்கேனும் கசிந்தால் கதவுகள் விசையிழந்து முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடும். பழுதாகும்போதும் ஓட்டுநருக்குப் பாதை தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள், ஆகவே நாளை நீங்கள் அச்சமின்றி ஓட்டலாம்.

வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். பிறகு, எஞ்சினிலிருந்து கலனுக்கும் அங்கிருந்து தடுப்புச் சுவருக்கும் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே செல்லுங்கள். பேட்டரியின் அருகிலும் வளைவுகளிலும் அது காய்ந்து நொறுங்கியிருப்பது வழக்கம். கலனில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை, எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

முல்லைநிலத்தான்: வீணாக எதையும் கழற்ற வேண்டாம். ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்துக் கட்டுங்கள், சூடு தானாக வரும். இங்கே பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பட்டறைப் பெரியவர்: அட்டை மருந்தல்ல, வலிமறைப்பு. தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் பாதையை மூடி வைக்கும் வால்வு, சரியாக மூடியிருந்தால் ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட் மிகக் குறைவு, ஆகவே அட்டையால் பெரிய வேறுபாடு வராது. அட்டை வைத்தவுடன் சூடு ஏறினால், திறந்தபடியே சிக்கிய தெர்மோஸ்டாட்டைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

முல்லைநிலத்தான்: ஐயா, கடுங்குளிரில் எஞ்சின் மீது அடிக்கும் காற்றும் சூட்டைக் கொண்டுபோகிறது. தெர்மோஸ்டாட் நன்றாக உள்ள வண்டிகளிலும் அட்டை பயன்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

செம்பருத்தி: அதை மறுக்கவில்லை. ஆனால் முழுவதும் மூடிவிட்டு, பாரம் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம். கியர்பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதியும் அந்தக் காற்றையே நம்பியிருக்கிறது. பாதியை மட்டும் மூடி, முள்ளைக் கவனித்து ஓட்டுவது ஒன்றே பாதுகாப்பு.

கடலோடி: இருந்தாலும் கோரையும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

செம்பருத்தி: குழாய்களைத் தொட்டுப் பார்க்கும் முன் வேண்டாம். இவ்வளவு பழைய கோரில் அழுத்தமாகத் தண்ணீர் விட்டால் அது பிளந்து, கூலன்ட் முழுதும் இருக்கைப் பக்கத் தரைவிரிப்பில் இறங்கிவிடும்.

வினிபெக்வாசி: பேட்டரிக்குக் கீழே குழாய் உடைந்திருந்தது. ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து இணைத்தேன். இப்போது முகத்துக்கும் காலுக்கும் காற்று வருகிறது, மேம்பாலத்திலும் மாறவில்லை. அனைவருக்கும் நன்றி.

செம்பருத்தி: மகிழ்ச்சி. சூடு கூடியதா? வெப்பமுள் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் அது கீழேயே நின்றால், குளிர் முற்றும் முன் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுங்கள்.