இணைய சேவைக்கு அரசு விதியா, சந்தைப் போட்டியா? எந்த அடுக்கில் எது வேலை செய்கிறது?

நுழைவாயில் எழுதியது:

கொள்கைக் குறிப்பு ஒன்று தயாராகிறது. வழக்கமான இரண்டு கட்சிகள். ஒன்று, "ஐஎஸ்பிகளை (இணைய சேவை நிறுவனங்களை) அவரவர் போக்கில் விடுங்கள், போட்டியே விலையைக் குறைக்கும்" என்கிறது. மற்றது, "இணையமும் குடிநீர்க் குழாய் மாதிரிதான், அரசின் பிடி இல்லாவிட்டால் வைத்ததுதான் விலை" என்கிறது. இரண்டுக்கும் ஏதாவது ஒரு நாட்டைக் காட்டிவிட முடிகிறது, அதனால் நாட்டைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை.

போட்டி தானாக வராத இடம் எது, ஏன்? எந்த விதி புதியவரை உள்ளே விடுகிறது, எது பழையவருக்கே கோட்டையாகிறது? ஃபைபரை இழுக்கும் முறையைப் பொறுத்து பதில் மாறுமா? தத்துவம் போதுமான அளவு படித்தாயிற்று. கணக்கும், களத்தில் வேலை நடக்கும் விதமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கம்பிவடம் எழுதியது:

"இணைய சேவை" என்று ஒரே பொருளாகப் பேசுவதில்தான் குழப்பமே. அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். அடியில் பள்ளம், டக்ட் (கேபிள் போகும் புதைகுழாய்), கம்பம். அதன்மேல் இன்னும் ஒளி ஏற்றாத வெறும் ஃபைபர், அதாவது டார்க் ஃபைபர். அதற்கு மேலே ஓஎல்டி (நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ஃபைபரில் ஒளி ஏற்றும் கருவி), சுவிட்ச் போன்ற கருவிகள். உச்சியில் பில் போடுவது, புகார் கேட்பது, வெளி பேண்ட்வித் வாங்குவது. உச்சி அடுக்கில் பத்துப் பேர் மோதலாம். தோற்றவர் கருவியை விற்றுவிட்டுக் கிளம்பலாம். அடி அடுக்கில் தோற்றவர் பள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு. 1000 வீடுகள் உள்ள பகுதி. யாரும் இணைப்பு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒவ்வொரு வீட்டு வாசல் வரை ஃபைபரைக் கொண்டுபோக வீட்டுக்கு 500 அலகு செலவு என்று வையுங்கள். மொத்தம் 5 லட்சம். ஒரே நெட்வொர்க், 600 வீடு வாடிக்கை: தலைக்கு 833 அலகு. இரண்டு நெட்வொர்க், ஆளுக்கு 300 வீடு: தலைக்கு 1667. பத்து வருடத்தில் எடுத்துவிடலாம் என்றாலும், வட்டியே சேர்க்காமல் மாதத்துக்கு 6.9 அலகு 13.9 ஆகிறது. இரண்டாமவர் வருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். முதலாமவருக்கும் அது தெரியும். புதியவர் எந்தத் தெருவில் கால் வைக்கிறாரோ அந்தத் தெருவுக்கு மட்டும் விலையை இறக்கினால் போதும், கதை முடிந்தது.

அதே கணக்கில் 500-ஐ 100 ஆக்கிப் பாருங்கள். அடுக்குமாடிகள் நெருக்கமாக இருந்தாலோ, ஏற்கெனவே உள்ள டக்டில் இழுக்க அனுமதி கிடைத்தாலோ அப்படி இறங்கும். இப்போது இரண்டு நெட்வொர்க்கிலும் தலைக்கு 333-தான். போட்டி பிழைக்கும். ஆகவே டக்டையும் கம்பத்தையும் நியாயமான வாடகைக்குத் திறந்துவிடச் சொல்லும் விதியைப் போட்டிக்கு எதிரானது என்று சொல்வது சரியில்லை. போட்டியையே அதுதான் உண்டாக்குகிறது. பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாம் குழுமத்தின் நெட்வொர்க் அமைப்பான ஓபன்ரீச்சின் டக்டையும் கம்பத்தையும் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டு, 2018, 2019 வாக்கில் அந்த விதியை அகலப்படுத்திய பிறகுதான் சிறு ஃபைபர் நிறுவனங்கள் பெரிய அளவில் இறங்கின. ஸ்டாக்ஹோம் வேறு வழி: 1994-இல் தொடங்கிய நகராட்சி நிறுவனமான ஸ்டோகாப் டார்க் ஃபைபரை மட்டும் எல்லோருக்கும் வாடகைக்கு விடுகிறது.

ஃபைபர் அமைப்பைப் பற்றிய கேள்விக்கு: மாறும், நிறையவே மாறும். ஜிபான் என்ற பகிர்வு ஃபைபர் முறையில் ஓஎல்டியிலிருந்து ஒரு ஃபைபர் கிளம்பி, தெருவில் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 வீடாகப் பிரிகிறது. கீழ்நோக்கி 2.488 ஜிகாபிட், அந்த 32 பேருக்கும் சேர்த்து. பி பிளஸ் வகைக் கருவிக்கு 28 டிபி (டெசிபெல்) ஒளி இழப்பு தாங்கும். 1:32 ஸ்ப்ளிட்டரே சுமார் 17 தின்றுவிடும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 20 கிலோமீட்டருக்கு 7. மிச்சம் 4 டிபிக்குள் கனெக்டர், ஸ்ப்ளைஸ் (ஃபைபர்களை ஒட்டிய இடம்), எதிர்காலப் பழுது எல்லாம் அடங்க வேண்டும். ஆனால் பகிர்வுக்கு உண்மையான தடை டிபி கிடையாது. ஓஎல்டி இருக்கும் கட்டடத்தில் "இந்த வீட்டின் ஃபைபர்" என்று தனியாக எடுத்துக் கொடுக்க ஒன்றுமே இல்லை. போட்டியாளருக்குப் பிட்ஸ்ட்ரீம்தான் தர முடியும், அதாவது பழையவரின் கருவி வழியாகவே போகும் மொத்த சேவை. வீட்டுக்கு ஒரு ஃபைபர் என்று கட்டடம் வரை தனித்தனியாக இழுத்திருந்தால், ஒரு பேட்ச் கார்டை (போர்ட்களை இணைக்கும் சிறு கேபிளை) மாற்றினாலே வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

இது பள்ளம் தோண்டும் அன்றே தீர்மானமாகிற விஷயம். பத்து வருடம் கழித்து "ஃபைபரைப் பிரித்துக் கொடு" என்று ஆணை போட்டால், ஸ்ப்ளிட்டர் சிரிக்கும்.

---

திறந்தசந்தை எழுதியது:

டக்ட் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விதி என்றாலே புதியவருக்கு உதவி என்ற தொனி இருக்கிறதே, அதற்கு எதிர்ப்பக்கம் சொல்ல வேண்டும்.

கம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மின்கம்பி, பாதுகாப்பு இடைவெளி விட்டு அதற்குக் கீழே தொலைத்தொடர்பு கேபிள்கள். புதியவருக்கு இடம் வேண்டுமானால் இருக்கிற கேபிள்களை மேலே கீழே நகர்த்த வேண்டும். பழைய நடைமுறையில் அவரவர் கேபிளை அவரவர் ஆள்தான் தொடலாம். கம்பத்தில் நான்கு கேபிள் என்றால் நான்கு குழு, ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவது ஆள் வராவிட்டால் நான்காவது ஆள் ஏற மாட்டார். அந்த மூன்றாவது ஆள் யாருக்குப் போட்டியாளர் என்று சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2018 ஆகஸ்டில் இதை மாற்றியது: எளிய வேலையாக இருந்தால் ஒரே ஒப்பந்தக்காரர் ஒரே தடவை ஏறி எல்லாவற்றையும் நகர்த்திவிடலாம். ஸ்ப்ளைஸைத் தொடும் சிக்கலான வேலைக்கு அது பொருந்தாது. கவனியுங்கள், இங்கே தேவைப்பட்டது பழைய விதியின் முடிச்சை அவிழ்ப்பது.

அவசரக் குறுக்குவழியும் ஆகாது. கூகுள் ஃபைபர் லூயிவில்லில் சாலையைக் கீறி மிக ஆழம் குறைந்த நுண்பள்ளத்தில் கேபிளைப் புதைத்தது. அடைப்புப் பசை கிளம்பி வெளியே வந்தது, கேபிள் வெளியே தெரிந்தது. 2019-இல் அந்த நகரத்தை விட்டே வெளியேறியது.

இரண்டாவது, விதி நிலையாக இருக்க வேண்டும். எல்லா இணையத் தரவையும் ஐஎஸ்பி சமமாக நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டி விதி அமெரிக்காவில் 2015-இல் வந்தது, 2017-இல் போனது, 2024-இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. இருபது வருடத்துக்குப் பள்ளம் தோண்டுகிறவர் இந்த ஊசலை நம்பிக் கடன் வாங்க முடியாது.

மூன்றாவது, நல்ல நோக்கத்தோடு போடும் விலை விதி. தென்கொரியாவில் 2016 முதல், பெரிய ஐஎஸ்பிகள் தங்களுக்குள் அனுப்புகிறவர் பணம் கட்டும் முறையில் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றானது. பலரும் பார்க்கும் வீடியோவின் சர்வரை யார் தன் நெட்வொர்க்கில் வைத்திருக்கிறாரோ, அவருக்கே பில் ஏறும். வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் சர்வர் வைப்பது நல்ல பழக்கம், அதற்கே தண்டனை. நேரலை வீடியோ தளமான டிவிச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையைக் கட்டியபோது சொன்ன காரணம், நெட்வொர்க் கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைப் போல் 10 மடங்கு என்பதுதான்.

---

மொத்தவிலை எழுதியது:

கம்பிவடம் பிட்ஸ்ட்ரீம் என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். பெரும்பாலான ஏமாற்று நடப்பது அங்கேதான்.

நெட்வொர்க் வைத்திருப்பவரே சில்லறையும் விற்கிறார். சில்லறை விலை 100. போட்டியாளருக்கு மொத்த விலை 80. காகிதத்தில் 20 மிச்சம் தெரிகிறது. போட்டியாளருக்கு பேண்ட்வித்தும் பேக்ஹாலும் (அந்தப் பகுதியிலிருந்து மைய நெட்வொர்க் வரையிலான இணைப்பும்) 10, வாடிக்கையாளர் சேவையும் பில்லிங்கும் 8, ஆள் பிடிக்கும் செலவு 6. ஆக 104. விற்க விற்க நஷ்டம். இதுதான் மார்ஜின் ஸ்க்வீஸ். மொத்த விலைக்கு மட்டும் உச்சவரம்பு வைக்கும் ஆணையத்தின் கண்ணில் இது படாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உன் சில்லறைப் பிரிவே இந்த 80-ஐக் கட்டி வாங்கினால், 100-க்கு விற்று நிற்குமா?" இதை வருட சராசரியில் கேட்கக் கூடாது, ஒவ்வொரு முக்கியத் திட்டத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சராசரியில் பழைய வாடிக்கையாளரின் கொழுத்த லாபம், புது வாடிக்கையாளரிடம் செய்யும் விலைவெட்டை மூடிவிடும்.

விலையைக் கட்டினால் அடுத்தது தாமதம். சொந்த வாடிக்கையாளருக்கு இரண்டு நாளில் இணைப்பு, போட்டியாளரின் வாடிக்கையாளருக்குப் பத்து நாள். அதனால்தான் "ஒரே விலை" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரே ஆர்டர் மென்பொருள், ஒரே வரிசை, பழுதுக்கு ஒரே காலக்கெடு என்று எழுத வேண்டும். பிரிட்டனில் ஓபன்ரீச் 2006-இல் தனிப் பிரிவானது. அதுவும் போதாமல் 2017-இல் சட்டப்படி தனி நிறுவனமாக்க ஒப்பந்தமானது. நியூசிலாந்து 2011-இல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக டெலிகாமையும் கோரஸையும் பிரித்தது. கோரஸ் நெட்வொர்க்கை நடத்தலாம், வீட்டுக்காரருக்கு நேரடியாக விற்கக் கூடாது. கண்காணிக்க மிகச் சுலபமானது இந்த வகைதான். ஏமாற்றுவதில் அந்த நிறுவனத்துக்கே லாபம் இல்லையே.

ஒரு எச்சரிக்கை. காகிதத்தில் அழகான பகிர்வு விதி, தெருப் பெட்டியில் கெட்டுப்போகும். பிரான்சில் கடைசித் துண்டு ஃபைபரை எல்லோரும் பகிர்கிறார்கள். தெருவில் ஒரு பொதுப் பெட்டி. அதில் வீட்டுக்குப் போகும் போர்ட்கள் ஒரு பக்கம், நிறுவனங்களின் போர்ட்கள் மறுபக்கம், நடுவில் பேட்ச் கார்டு. இணைப்பு வேலை துணை ஒப்பந்தக்காரர் கையில், இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி. வந்தவருக்குச் சரியான நீளக் கார்டு இல்லை. இருப்பதைக் குறுக்கே இழுக்கிறார். நாற்பதாவது ஆள் வரும்போது பெட்டி நூடுல்ஸ் தட்டு மாதிரி. எது யாருடையது என்று தெரியாது, காலி போர்ட் கிடைக்காது, வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரைப் பிடுங்கிவிட்டுத் தன் ஆளைச் செருகிவிட்டுப் போகிறார். அவருக்குக் கூலி வந்துவிடும். பிடுங்கப்பட்டவர் மறுநாள் தன் நிறுவனத்தைத் திட்டுவார். மருந்து: வேலைக்கு முன்னும் பின்னும் பெட்டியின் படம், போர்ட் எண்ணோடு. படமில்லாவிட்டால் கூலி இல்லை. பிடுங்கியவர் யாரோ அவர் கணக்கில் அபராதம். இந்த ஷரத்து இல்லாத பகிர்வு ஆணை பாதி ஆணைதான்.

---

நுழைவாயில் எழுதியது:

அடி அடுக்கு தெளிவாகிவிட்டது, நன்றி. மேலடுக்கில் ஒரு சந்தேகம். வீட்டுக்கு மூன்று ஐஎஸ்பி கிடைக்கிற இடத்திலும் நெட் நியூட்ராலிட்டி விதி வேண்டுமா? ஒருவர் வீடியோவை மெதுவாக்கினால் அடுத்தவரிடம் போய்விடலாமே?

---

கம்பிவடம் எழுதியது:

போய்விடலாம், யார் மெதுவாக்கினார்கள் என்று தெரிந்தால். நெரிசல் பெரும்பாலும் வீட்டு இணைப்பில் இல்லை, ஐஎஸ்பியும் வெளி நெட்வொர்க்கும் சந்திக்கும் பியரிங் லிங்கில் இருக்கிறது. இரவு 8 முதல் 11 வரை அந்த லிங்கின் வரைபடம் மேசை மாதிரி தட்டையாகிவிடும். பாக்கெட் விழும், வீடியோ சுழலும். ஸ்பீட் டெஸ்ட் மட்டும் முழு வேகம் காட்டும், டெஸ்ட் சர்வர் ஐஎஸ்பிக்கு உள்ளேயே இருப்பதால். வாடிக்கையாளர் வீடியோ நிறுவனத்தைத் திட்டுவார். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் காம்காஸ்ட்டுக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்பு வாங்கியதன் பின்னணி இப்படிப்பட்ட நெரிசல்தான்.

விபிஎன் போட்டால் சரியாகிறது, ஆகவே ஐஎஸ்பி வேண்டுமென்றே அமுக்குகிறது என்று பலர் எழுதுவார்கள். விபிஎன் வேறு பாதையில் போகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பகலிலும் இரவிலும் டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியிலுள்ள ரவுட்டர்களைத் தாமதத்தோடு வரிசையாகக் காட்டும் சோதனை) எடுத்து, எல்லை ரவுட்டரிலிருந்து கடைசி வரை எல்லா ஹாப்பிலும் (வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும்) தாமதம் இரவில் மட்டும் எகிறுகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு ஹாப் மட்டும் அதிகம் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான்.

ஐஎஸ்பி ஏன் லிங்கை நெரிய விடுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. டிரான்சிட், அதாவது வெளி இணையத்தை எட்ட ஐஎஸ்பி வாங்கும் பேண்ட்வித்தின் பில், பெரும்பாலும் 95-ஆவது பெர்சன்டைலில். ஐந்து நிமிடத்துக்கு ஓர் அளவீடு, 30 நாளில் 8640. உச்சத்தில் உள்ள 432-ஐத் தள்ளிவிட்டு அடுத்த அளவுக்கு விலை. தள்ளுவது மொத்தம் 36 மணி நேரம், நாளுக்கு 1 மணி 12 நிமிடம். மாலை உச்சம் அதற்குள் முடிந்தால் இலவசம். மூன்று மணி நேரம் நீண்டால் உச்சத்துக்கே பில். லிங்கை அகலப்படுத்தினால் அந்த பில் எகிறும். நெரிய விட்டால் எகிறாது.

அதனால் விதியில் "மெதுவாக்காதே" என்று மட்டும் எழுதினால் ஓட்டை. யாரும் எதையும் அமுக்கவில்லை, வெறுமனே அகலப்படுத்தவில்லை, அவ்வளவே. ஒவ்வொரு பியரிங் லிங்கின் கொள்ளளவையும் மாலை உச்சப் பயன்பாட்டையும் மாதம் ஒருமுறை வெளியிடச் சொல்லுங்கள். விலையில் கை வைக்காத விதி இது. திறந்தசந்தைக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

---

திறந்தசந்தை எழுதியது:

ஆட்சேபம் இல்லை. வாடிக்கையாளருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் போட்டியே. ஆனால் மாதம் ஒன்று என்பது பெரிய ஐஎஸ்பிக்கு ஒரு ஸ்கிரிப்ட். இரண்டு பேர் நடத்தும் ஐஎஸ்பிக்குத் தலைவலி. இத்தனை இணைப்புக்கு மேல் இருந்தால் மட்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள்.

ஜீரோ ரேட்டிங்கிலும், அதாவது சில செயலிகளின் டேட்டாவுக்கு மட்டும் கட்டணம் வாங்காமல் விடுவதிலும், நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-இல் உள்ளடக்கத்தைப் பொறுத்து கட்டணத்தை மாற்றுவதையே தடை செய்தது. ஐரோப்பாவில் 2015 ஒழுங்குமுறையில் வெளிப்படையாக எழுதாமல் விட்டதை, ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டம்பர் தீர்ப்புகளில்தான் அடைத்தது. இடையில் ஆறு வருடம் வழக்கறிஞர்களுக்கு நல்ல காலம். ஜீரோ ரேட்டிங்கைத் தடுப்பதானாலும் அனுமதிப்பதானாலும் முதல் வரைவிலேயே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.

---

மொத்தவிலை எழுதியது:

வரம்பை இணைப்பு எண்ணிக்கையில் மட்டும் வைத்தால் ஒரே ஆள் நான்கு கம்பெனியாகப் பிரிந்துகொள்வார். "தொடர்புடைய நிறுவனங்கள் அனைத்தையும் சேர்த்து" என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள். பிறகு, வீடு மாறாமல் ஐஎஸ்பி மட்டும் மாறுகிற நேரத்துக்கு ஒரு கெடு: புதியவரே பழையவரிடம் பேசி முடிக்க வேண்டும், வாடிக்கையாளர் பழையவருக்குப் போன் செய்யும்படி வைக்கக் கூடாது. அந்தப் போனில்தான் "சலுகை தருகிறோம், போகாதீர்கள்" என்ற பேரம் நடக்கும், மூன்று ஐஎஸ்பி இருந்தும் யாரும் மாறாமல் போவது அதனால்தான்.