ஜார்ஜ் டவுனில் தமிழ்க் கதை இரவு: பாட்டியை மைக் முன்னால் உட்கார வைக்கலாமா?

பிறைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டைக் கலைக்கூடமாக்கி நடத்துகிறார்கள். மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை பாட்டு, கவிதை, கதை என்று ஏதாவது நடக்கும், நானும் நாலைந்து தடவை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் ஆங்கிலம் அல்லது மலாய்தான். போன வாரம் அதை நடத்துகிறவரே வந்து, தமிழில் ஒரு ராத்திரி செய்யுங்கள், வாடகை வேண்டாம், வசூலில் பாதி கொடுத்தால் போதும் என்றார். யோசிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டேன், இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பேர். ஒரு தம்பி நன்றாகப் பாடுவான், ஆர்மோனியமும் தபேலாவும் வாசிக்க ஆள் உண்டு. இருவர் சொந்தச் சிறுகதை வாசிப்பார்கள். எல்லாவற்றையும் விட எனக்கு ஆசை, எங்கள் பாட்டியைப் பேச வைக்க வேண்டும் என்பது. எண்பதைத் தாண்டியவர், ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து மரம் சீவியவர், விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டதில் ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். ஆனால் மேடை ஏறியதில்லை.

கேள்விகள்: எவ்வளவு நேரம் வைப்பது? தமிழ் தெரியாதவர்களும் வருவார்கள், மொழிபெயர்க்க வேண்டுமா? டிக்கெட் போடலாமா? ஒரு சங்கத்து விழாவில் இரண்டு மணி நேரம் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், அதற்குள் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். அந்த மாதிரி ஆகக் கூடாது.

குடமடிக்கிறவன்:
தங்கச்சி, முதலில் அந்தச் சங்கத்து விழாவை மறந்துவிடுங்கள். பொன்னாடை, மாலை, பிரமுகர் வரும்வரை காத்திருப்பது, ஒன்றும் வேண்டாம். எட்டு மணி என்றால் எட்டு மணி. ஏழரை என்று போடாதீர்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் என்றால் மஃக்ரிப் என்கிற அந்தித் தொழுகைக்கான பாங்கு வருடத்தில் பாதி நாள் ஏழரையை ஒட்டித்தான் வரும், எட்டு என்றால் தொழுதுவிட்டு வருகிறவர்களுக்கும் தோதாக இருக்கும். மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேரம், நடுவில் தேத்தண்ணிக்குக் கால் மணி. அதற்கு மேல் போனால் ஆள் கைபேசியை எடுத்துவிடுவான், நானே எடுப்பேன்.

இப்போது பாட்டி. நான் சின்ன வயதில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வில்லுப்பாட்டில் கதை சொல்கிறவர் ஒருவர்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமா' போடுகிற ஆள் இல்லாவிட்டால் கதை நகராது. புலவர் ஒரு வரி சொல்வார், இவர் 'அப்புறம் என்னாச்சு?' என்பார், சில நேரம் வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொண்டு கேட்பார், சனம் சிரிக்கும், அந்தச் சிரிப்பில் புலவர் மூச்சு வாங்கிக்கொள்வார். வீட்டிலும் இதே கதைதான், உம் கொட்டுகிற பிள்ளை தூங்கிவிட்டால் பாட்டியும் நிறுத்திவிடுவார். அதனால் அவரைத் தனியாக நிற்க வைத்து 'பேசுங்க பாட்டி' என்றால் வணக்கத்தோடு முடிந்துவிடும். தாழ்வான நாற்காலி ஒன்று போடுங்கள், பக்கத்தில் உம் கொட்ட ஓர் ஆள். ஆனால் நீங்கள் உட்காராதீர்கள். உங்களுக்கு அந்தக் கதைகள் எல்லாம் தெரியும், தெரியும் என்பது முகத்தில் தெரியும், 'உனக்குத்தான் சொல்லியிருக்கேனே' என்று பாதியை விழுங்கிவிடுவார். கேட்காத ஆளை, ஆனால் அவருக்குப் பிடித்த ஆளை உட்கார வையுங்கள். ஒத்திகையும் வேண்டாம். ஒத்திகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அன்றைக்கு 'அதான் சொன்னேனே' என்பார்.

சிறுகதை வாசிக்கிற இருவருக்கும் ஆளுக்கு ஏழு நிமிடம். தாளைப் பார்த்து வாசிக்கிறதும் கதை சொல்கிறதும் வேறு வேறு. எழுத்தில் அழகாக இருக்கிற நீள வாக்கியம் காதுக்கு எட்டாது, வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும். கதையை அவர்களே வெட்டட்டும், இல்லாவிட்டால் சண்டை வரும்.

ஒயர்_அண்ணே:
சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறவன், அதனால் என் பேச்சில் வியாபாரம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், உங்களுக்கு என் பெரிய பெட்டிகள் தேவையே இல்லை. கடைவீடு என்றால் நீளமாக, குறுகலாக, செங்கல் சுவரும் ஓட்டுத் தரையுமாக இருக்கும், சத்தம் சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பும். ஐம்பது பேர் உட்காருகிற இடத்தில் சின்ன ஸ்பீக்கர் இரண்டு போதும், அதையும் குறைத்தே வையுங்கள். பாட்டிக்குக் கையில் மைக் கொடுக்காதீர்கள், பேசும்போது கை ஆடும், சத்தம் ஏறி இறங்கும். சேலையில் குத்துகிற சின்ன மைக் போதும். ஆனால் நேர் மேலே மின்விசிறி ஓடினால் அதன் காற்று முழுக்க மைக்கில் விழும், அதை மட்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்து விசிறியை ஓட்டுங்கள்.

நடுவில் திறந்த முற்றம் இருந்தால் மழையைப் பற்றிக் கேட்டு வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் தகரத்தின் மேல் மழை விழுந்தால் நானே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, பாட்டை முன்னால் தள்ளிவிட்டுக் கதையை மழை விட்டபிறகு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், யாராவது இளைஞர்கள் உறுமி மேளம் கொண்டுவரவா என்று கேட்பார்கள். ஐயோ, உள்ளே வேண்டாம். எனக்கு உறுமி பிடிக்கும், ஆனால் அந்த அறையில் காது போய்விடும், பக்கத்துக் கடைக்காரர் போலீசுக்குப் போன் போடுவார்.

ஆயர்ஈத்தாம்_பையன்:
தமிழுக்கு யார் வருவார்கள்? நாற்பது நாற்காலி போடுங்கள், பன்னிரண்டு பேர் வருவார்கள், அதில் ஏழு பேர் நீங்கள்தான்.

குடமடிக்கிறவன்:
பன்னிரண்டு பேர் வந்தால் வட்டமாக உட்கார்ந்துகொள்ளலாம் தம்பி. நாற்காலியை இருபதாகக் குறைத்துவிட்டு மீதியைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் சரி. உன் நாற்காலியும் சுவரோரம் இருக்கும், வா.

செந்தூல்வாசி:
கோலாலம்பூரிலிருந்து. எங்கள் செந்தூலில் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் கேஎல்பேக் அரங்கமானது, ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் தியேட்டர் ரெக்ஸ்கேஎல் கலைக்கூடம் ஆகிவிட்டது, உங்கள் ஊரிலேயே ஹின் பஸ் டெப்போ 2014இலிருந்து ஓவியமும் பாட்டுமாக ஓடுகிறது. இடத்துக்குப் பஞ்சமில்லை, நாம்தான் கோவில் மண்டபத்தையும் தமிழ்ப்பள்ளி மண்டபத்தையும் விட்டு வெளியே வருவதில்லை. அதனால் தயங்க வேண்டாம். ஆனால் காகித வேலையைப் பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று, அனுமதி. பொதுமக்களைக் கூப்பிட்டுப் பாட்டு, நிகழ்ச்சி நடத்தக் கேளிக்கை உரிமம் வேண்டியிருக்கும். கூடத்திடம் இருக்கிறதா, உங்கள் நிகழ்ச்சியும் அதில் அடங்குமா என்று வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து யாரையாவது பாட அழைத்தால் அது தனி விவகாரம், வெளிநாட்டுக் கலைஞர்களுக்குப் புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி வேண்டும், முதல் தடவையே அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, பாட்டு. தம்பி சினிமாப் பாட்டுப் பாடினால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைக்கு எம்ஏசிபி என்ற அமைப்பு கட்டணம் வசூலிக்கிறது, கூடம் ஏற்கெனவே கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் எழுதியவர் மறைந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பாரதியார் 1921இல் போனார், பாரதிதாசன் 1964இல், இருவர் வரிகளையும் தாராளமாகப் பாடலாம். கண்ணதாசன் 1981, ஆகவே 2031 முடியும்வரை பொறுக்க வேண்டும். ஆனால் பாரதி பாட்டைச் சினிமா மெட்டில் பாடினால் மெட்டு வேறொருவருடையது, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தம்பியே சொந்தமாக மெட்டுப் போட்டால் தொல்லையே இல்லை.

காசு விஷயம்: முதல் தடவை டிக்கெட் வேண்டாம், வாசலில் உண்டியல் வையுங்கள், பக்கத்தில் கைபேசியில் பணம் போட டுயிட்நவ் கியூஆர் அட்டை ஒன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் அன்னலட்சுமி உணவகத்தில் விருப்பப்படி சாப்பிட்டு மனம்போல் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரிதான். பாதி கூடத்துக்கு என்பதை உண்டியல் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

லெபோ_குயீன்:
மொழிபெயர்ப்பைப் பற்றி யாருமே சொல்லவில்லை. திரையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத்து ஓடவிடுங்கள் அக்கா. பினாங்கில் நவம்பரில் நடக்கிற இலக்கிய விழாவுக்கு எத்தனை மொழிக்காரர்கள் வருகிறார்கள், அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் வந்தாலே போதுமே.

குடமடிக்கிறவன்:
திரை போட்டால் தமிழ் தெரிந்தவனும் திரையைத்தான் பார்ப்பான். பாட்டி முகத்தை யார் பார்ப்பது? அதுவும் ஒத்திகை இல்லாத பேச்சுக்கு முன்கூட்டியே எழுத்து எங்கிருந்து வரும்? ஒவ்வொரு கதைக்கும் முன்னால் மலாயில் நாலு வரி சொல்லிவிடுங்கள், இது தோட்டம், இவர் கங்காணி, இந்த அம்மா காணாமல் போன ஆட்டைத் தேடுகிறார், அவ்வளவுதான். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். இந்த ஊர் போரியா என்கிற பாட்டுக்கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், மதராஸ் பட்டாளத்தோடு வந்தது என்பார்கள், இன்று பாடுவது மலாயில். முன்னால் துக்காங் காராங் என்கிற முதல் பாடகர் ஒரு கண்ணி பாடுவார், பின்னால் கூட்டம் திருப்பிப் பாடும், நம் பக்கப்பாட்டு மாதிரியேதான். அதனால் திருப்பிச் சொல்கிற வரி ஒன்றைப் பாட்டி கதையிலும் வைத்தால் மொழி தெரியாதவனும் சேர்ந்துகொள்வான்.

லெபோ_குயீன்:
திரை இல்லாவிட்டால் பரவாயில்லை, அந்த நாலு வரியை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு உதவும். நம் ஆட்கள் தாமதமாகத்தான் வருவார்கள்.

பிறைக்காரி:
எல்லாருக்கும் நன்றி, குறிப்பாகக் குடமடிக்கிற அண்ணனுக்கு. கூடத்தில் கேட்டேன், உரிமம் இருக்கிறது, எழுதித் தருகிறார்கள். பாட்டுக்குக் கட்டியிருக்கிறார்களா என்பது அவர்களுக்கே தெரியவில்லை, அதனால் தம்பி பாரதிதாசனுக்குச் சொந்த மெட்டுப் போடுகிறான், நேற்று கேட்டேன், கொஞ்சம் சினிமா வாடை அடிக்கிறது, பார்ப்போம். தாள் அச்சடிக்கிறோம், திரை இல்லை.

உம் கொட்ட எங்கள் வட்டத்துச் சீனத் தோழி வருகிறாள், தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பாட்டிக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம், கதை ஒன்றும் கேட்டதில்லை. பாட்டியிடம் சொன்னதும் மேடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா, ராத்திரி வீட்டுக்கு யார் கொண்டு வந்து விடுவது, இது இரண்டுதான் கேட்டார். கழிவறை கீழேயே இருக்கிறது. இரண்டாவதுதான் சிக்கல், வீடு அக்கரையில் பிறையில், எங்களிடம் கார் இல்லை, ஃபெரித் துறைவரை நடக்க அவரால் முடியாது.

ஒயர்_அண்ணே:
ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, பாலம்தான் வழி. என் வேன் எப்படியும் பட்டர்வொர்த் திரும்ப வேண்டும், ஸ்பீக்கரைப் பின்னால் போட்டுவிட்டுப் பாட்டியை முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டு வந்து விடுகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.